உப்புக்காற்றில் ஒரு மெத்தை நாற்காலி

கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கடலைப் பார்த்த வீட்டில் உப்புக் கிண்ணத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் உப்பு கசிந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசை பிடித்தது. அதற்கு 33 விழுக்காடே போதும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு ஏறி, கரையில் உள்ள எல்லாவற்றின் மேலும் உப்பாகப் படிகின்றன. பகலில் அது வெறும் தூசி. இரவில் ஈரப்பதம் ஏறியதும் அதே தூசி மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடுகிறது. அடியில் இருப்பது இரும்பு என்றால் துரு அன்றிரவே வேலையைத் தொடங்கிவிடும்.

இந்தக் கரையின் மீனவர்கள் இதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கட்டுமரம் கயிற்றால் கட்டியது. பலகை வள்ளங்களையும் நெடுங்காலம் ஆணி அடிக்காமல், பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். மரத்துக்குள் அடித்த ஆணி அப்படிப் பருக்கும்போது மரம் பிளக்கும். துருவிலிருந்து கசியும் இரும்பு உப்புகள் பக்கத்து நார்களைக் கறுப்பாக்கி மக்க வைக்கும். கயிறு நைந்தால் அவிழ்த்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். ஆணி நைந்தால் பலகையே போய்விடும்.

இப்படிப்பட்ட ஊரில், உட்புறம் முழுக்க இரும்புச் சுருள்களும் நூற்றுக்கணக்கான சிற்றாணிகளும் கொண்ட ஒரு நாற்காலி என்ன பாடுபடும்? ஐரோப்பிய மெத்தை நாற்காலி திருவிதாங்கூர் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது அப்படியொரு பொருந்தாத வருகைதான். பழைய பொருள் வாங்குபவர்களிடமும், தறவாட்டு வீடுகளின் மச்சிலும், பழைய பங்களாக்களின் பின்கட்டிலும் இன்றும் அவை கிடைக்கின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு தூரம் பழுது பார்க்கலாம், எங்கே கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

திருவிதாங்கூரின் மிகப் புகழ்பெற்ற இருக்கை இன்று திருவனந்தபுரத்தில் இல்லை. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் அது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. வைரம், மரகதம், மாணிக்கம் பதித்த தந்த வேலைப்பாடு, இருக்கைக்கு வெல்வெட். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று கண்காட்சியின் நிறைவு விழாவில் இளவரசர் ஆல்பர்ட் அதில்தான் அமர்ந்தார். 1876-ல் இந்தியப் பேரரசி என்ற பட்டத்தை ஒட்டி எடுத்த நிழற்படத்தில் விக்டோரியாவும் அதில்தான் அமர்ந்திருக்கிறார். இப்போது அது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

தந்தம் அங்கே போனது. ஸ்பிரிங்கும் திருகாணியும் இங்கே வந்தன. பாயிலும் பலகையிலும் திண்ணையிலும் அமர்ந்த நாட்டுக்கு நாற்காலி முதலில் அதிகாரத்தின் அடையாளமாகத்தான் வந்தது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்தே வந்தது. விழிஞ்ஞத்தை ஒட்டிய கோவளத்தில் 1932-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் கட்டிய ஹால்சியன் மாளிகை போன்ற கடலோரக் கட்டடங்கள் ஐரோப்பிய பாணி அறைகலன்களைக் கடற்காற்றுக்கு நேர் முகமாகக் கொண்டுவந்து நிறுத்தின. ஊரார் அதே நாற்காலியைத் தங்கள் வெப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். மெத்தையை எடுத்துவிட்டுப் பிரம்பு பின்னினார்கள். வியர்வை ஆவியாவதற்கு முதுகுக்குப் பின்னால் காற்று வேண்டும். வெல்வெட் அதை அடைத்துவிடும், பிரம்புக் கண்ணிகள் விட்டுவிடும். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் பேப்பூரில் மங்குஸ்தான் மரத்தடியில் போட்டுக்கொண்டதும் மெத்தை இல்லாத சாருகசேர, அதாவது சாய்வு நாற்காலிதான். விழிஞ்ஞத்திலிருந்து கரையோரமாகக் குமரி மாவட்டத்துக்குள் இறங்கினால் வரும் தேங்காய்ப்பட்டணத்தின் தோப்பில் முகமது மீரான், 1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தன் நாவலுக்கு ‘சாய்வு நாற்காலி’ என்றே பெயர் வைத்தார். இந்தக் கரையில் நாற்காலி ஒரு கதாபாத்திரம்.

சரி, மெத்தை நாற்காலிக்கு வருவோம். முதல் வேலை, அதில் உட்காராமல் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை எல்லோரும் தேய்த்து, மெருகேற்றி, திருத்தியிருப்பார்கள். அடிப்பக்கத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் மரத்தில் உள்ள ரம்பத் தடத்தைப் பார்க்கச் சொல்லும். நேர்கோடாக இருந்தால் கைரம்பம், வில்போல வளைந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவிய வட்டரம்பம் என்று அவை காலம் கணிக்கும். இங்கே அந்த விதி உதவாது. நம் ஊரில் ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று மரம் அறுப்பது 20-ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. உளித் தடம், இழைப்புளித் தடம் எல்லாம் நேற்றுச் செய்த நாற்காலியிலும் இருக்கலாம். ‘கைவேலை, அதனால் பழசு’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். காசை மட்டும் எடுக்காதீர்கள்.

நம்பத் தகுந்தது இரும்பு. ஏனென்றால் அது கப்பலில் வந்தது, தொழிற்சாலையில் பிறந்தது, அதன் பிறந்த காலம் தெரியும். பழைய மரத் திருகாணிகளின் முனை மொட்டையாக இருக்கும். தலையில் உள்ள வெட்டு கையால் அறுத்ததால் நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும். கூர்முனைத் திருகாணியை இயந்திரத்தில் செய்யும் முறை அமெரிக்காவில் 1846-ல் காப்புரிமை பெற்றது. 1854 முதல் இங்கிலாந்தின் நெட்டில்ஃபோல்டு நிறுவனம் அதைக் குவியல் குவியலாகத் தயாரித்தது. ஆகவே ஒருபோதும் கழற்றப்படாத ஓர் இணைப்பில் கூர்முனைத் திருகாணி இருந்தால் நாற்காலி 1846-க்கு முந்தையது அல்ல என்று துணிந்து சொல்லலாம். மொட்டைத் திருகாணி இருந்தால்? அதற்கு முந்தையதாக இருக்கலாம், அவ்வளவுதான். பழைய ஆணியைப் புதிய மரத்தில் அடிக்க யாராலும் முடியும். புதிய ஆணியைப் பழைய காலத்துக்கு அனுப்ப யாராலும் முடியாது. காலக் கணிப்பில் இந்த ஒருவழிப் பாதையை மறக்கக் கூடாது.

மரம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்: எப்போது என்பதை விட, எங்கே என்பதற்கு. தோதகத்தி, மலையாளத்தில் ஈட்டி, கருஞ்சிவப்பில் ஊதா ஓடும் மரம். கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஒரு கன செ.மீ. சுமார் 0.85 கிராம். தேக்கு அதைவிட இலேசு, 0.65 அளவில், புதிதாகச் சீவினால் மெழுகுத் தன்மையும் தோல் வாடையும் வரும். திருவிதாங்கூரில் இவ்விரண்டும் அரசுக்கு உரிய மரங்களாக இருந்தன. அனுமதி இல்லாமல் வெட்ட முடியவில்லை. அதனால் நடுத்தர வீடுகளின் நாற்காலிகளில் பலாவும் அயினியும் அதிகம். பலா புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகும். அதை மகாகனி என்று விற்பவர்கள் உண்டு. இருக்கைக்கு அடியில், வெளிச்சம் படாத இடத்தில் நகக்கண் அளவு சுரண்டினால் மஞ்சள் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு தடயம் துணிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் செய்த மெத்தை நாற்காலிகளில் கால்களும் கைப்பிடியும் விலை உயர்ந்த மரமாக இருந்தாலும், துணி மூடும் உள்சட்டங்கள் பெரும்பாலும் பீச் என்ற மலிவான மரம். சிற்றாணியை அது உடையாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பீச் மரம் வண்டுக்கு விருந்து. வெப்ப நாட்டில் அது பொடியாகிவிடும். உள்ளூர் ஆசாரி அந்த இடத்தில் தேக்கையோ அயினியையோ வைத்தார். ஆக, வெளியே விக்டோரியா காலத்து வளைவுகள், உள்ளே தேக்குச் சட்டம் என்றால், ஒரு படத்தையோ ஒரு மாதிரியையோ பார்த்து இங்கேயே செய்த நாற்காலி அது. இதைப் போலி என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தக் காற்றில் எது நிற்கும் என்று அறிந்தவரின் கை அதில் இருக்கிறது. பொடியாகிப்போன அசலை விட நிற்கும் நகல் எனக்கு மேல்.

மேற்பூச்சைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, மறைவான இடத்தில் உருட்டிப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கு மெருகு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் கரைந்தால் 1920-களுக்குப் பின் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் அண்மைக்காலப் பாலியூரிதேன். அரக்கு, நம் நாட்டுப் புரச மரத்திலும் இலந்தையிலும் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். இதை ஆராயவே ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். புற ஊதா விளக்கின் கீழ் அரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும்; பின்னால் ஒட்டுப் போட்ட இடங்கள் திட்டுத் திட்டாக வேறு நிறம் காட்டும். கள்ள நோட்டு பார்க்கும் சிறு விளக்கே இதற்குப் போதும்.

இனி மெத்தையைத் திறப்போம். இந்த விஷயத்தில் சுவையான பகுதி இதுதான்.

ஒரு பழைய மெத்தையை மேலிருந்து கீழாக அகழாய்வுக் குழி போலத்தான் பிரிக்க வேண்டும். மேல் துணி, அதன் கீழ் மெல்லிய பஞ்சுப் படலம், அதன் கீழ் மென்மையான அடைப்பு, ஒரு சாக்குத் துணி, கெட்டியான முதல் அடைப்பு, மறுபடி சாக்கு, ஸ்பிரிங், அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சணல் பட்டைகள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு காலம் உண்டு. சட்டத்தின் விளிம்பில் உள்ள ஆணித் துளைகளையும் எண்ண வேண்டும். ஒரே வரிசைத் துளைகள் என்றால் முதல் துணியே இன்னும் இருக்கிறது. மூன்று நான்கு வரிசை சல்லடையாக இருந்தால் அத்தனை முறை துணி மாறியிருக்கிறது. நீங்கள் பார்க்கும் பட்டு யாருடைய பாட்டியும் பார்த்த பட்டு இல்லை.

சுருள் ஸ்பிரிங் இருக்கைக்குள் புகுந்தது 19-ஆம் நூற்றாண்டில். வியன்னாவின் கேயார்க் யூனிகல் 1822-ல் காப்புரிமை பெற்றார். லண்டனின் சாமுவேல் பிராட் 1826-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். கப்பலில் போகிறவர்களுக்குக் குமட்டல் வராமல் தாங்கும் இருக்கைக்காக! 1828-ல் அதையே மெத்தைக்கும் திண்டுக்கும் விரித்தார். எனவே முதலிலேயே ஸ்பிரிங்கோடு செய்த நாற்காலி 1820-களுக்கு முன் போகாது. சாக்குத் துணியும் பேசும். ஸ்காட்லாந்தின் டண்டியில் 1830-களில்தான் சணல் இயந்திரத்தில் நூற்கப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை 1855-ல் வந்தது. அதற்கு முந்தைய ஐரோப்பிய மெத்தைகளின் சாக்குகள் பெரும்பாலும் ஆளிநார் போன்ற வேறு நார்களால் ஆனவை. உள்ளே கடற்பஞ்சு போன்ற ரப்பர் நுரை இருந்தால் அது டன்லப் ஆய்வகத்தில் 1929-ல் உருவானதன் வாரிசு. மஞ்சளாகிப் பொடிந்து உதிரும் பாலியூரிதேன் நுரை என்றால் 1950-களுக்குப் பிந்தைய கை. ஜெர்மனியின் ஓட்டோ பேயர் குழு அந்த வேதியியலைக் கண்டது 1937-ல். நுரை சந்தைக்கு வந்தது அதற்குப் பிறகு.

அடைப்பு எது என்று அறிய ஓர் இழையை இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து கறுப்புக் குமிழாகச் சுருண்டால் அது குதிரை மயிர். விறகு வாடையோடு எரிந்து சாம்பலானால் தாவர நார். உருகிச் சொட்டினால் செயற்கை. தாவர நாரில் தடித்து, செம்பழுப்பாக, விறைப்பாக இருப்பது தும்பு, அதாவது தென்னை நார். பட்டுப்போல் வழுக்கி, ஊதினால் பறப்பது இலவம் பஞ்சு. அதன் இழை உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகு. அதனால்தான் நீரில் நனையாமல் மிதவைச் சட்டைகளுக்குள்ளும் போனது.

ஐரோப்பிய மெத்தைக்காரர்கள் உயர்வாக மதித்தது குதிரை மயிரை. நேராக இருக்கும் வால் மயிரை இறுக்கமான கயிறாக முறுக்கி, வேக வைத்து, உலர்த்தி, பிறகு பிரித்து உதறுவார்கள். கெரட்டின் புரதத்தின் உள்ளே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் வெப்பத்திலும் ஈரத்திலும் அவிழ்ந்து, ஆறும்போது முறுக்கிய வடிவிலேயே மறுபடி பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மயிரும் ஒரு குட்டி ஸ்பிரிங் ஆகிவிடும். தும்பையும் இதே முறையில் முறுக்கி, நீராவியில் வைத்து, பிரித்துச் சுருள் நாராக்குகிறார்கள்.

ஆனால் தும்புக்குள் இயற்கையே இன்னொரு சுருளை வைத்திருக்கிறது. எந்தத் தாவர நாரின் சுவரிலும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் நாரின் அச்சைச் சுற்றிப் படிந்திருக்கும். சணலில் அவை அச்சோடு சுமார் 8 பாகை சாய்வுதான், கிட்டத்தட்ட நேர். இழுத்தால் உடனே விறைக்கும், தன் நீளத்தில் 2 விழுக்காடு நீள்வதற்குள் அறுந்துவிடும். தும்பில் அந்தச் சாய்வு 45 பாகை அளவு. ஆகவே இழுக்கும்போது நுண்ணிழைச் சுருள் முதலில் விரிகிறது. நார் 15 முதல் 40 விழுக்காடு வரை நீண்ட பிறகே அறுகிறது. மேலும் தும்பின் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் லிக்னின். சணலில் 12 அளவுதான். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் எளிதில் செரிக்காத பொருள் லிக்னின். மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப் போட்டும் நார் மட்டும் மக்காமல் மீள்வது அதனால்தான். நாற்காலிக்குள் மனிதர் வியர்வையும் மழைக்கால ஈரமும் அதைத் தின்ன முடியாததும் அதனால்தான்.

இந்த நார் ஆலப்புழையிலிருந்து உலகமெங்கும் போனது. ஜேம்ஸ் டாராவின் தும்புத் தொழிற்சாலை அங்கே 1859-ல் தொடங்கியது. பாயாகவும் மிதியடியாகவும் போன கதை எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்து நாற்காலிகளின் வயிற்றுக்குள், குதிரை மயிருக்கு விலை கொடுக்க முடியாதவர்களின் முதல் அடைப்பாகப் போனதை அதிகம் பேர் சொல்வதில்லை. இதில் அடையாளம் காண்போருக்கு ஒரு பொறி இருக்கிறது. உள்ளே தும்பு இருப்பதை மட்டும் வைத்து ‘இது கேரளத்து நாற்காலி’ என்று முடிவு கட்ட முடியாது. லண்டனில் அடைத்த தும்பாகவும் இருக்கலாம். பீச் சட்டமும் தும்பும் சேர்ந்திருந்தால் நார் ஒருமுறை கப்பலில் போய், நாற்காலியாகத் திரும்பி வந்திருக்கிறது. தேக்குச் சட்டம், தும்பு, மேலே இலவம் பஞ்சு என்றால் இங்கேயே உருவானது. ஒரு தடயம் சாட்சி ஆகாது. மூன்று ஒத்துப்போனால் பேசலாம்.

பழுது பார்ப்பதற்கு முன் பூச்சியை ஒழிக்க வேண்டும். சட்டத்தின் கீழே மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் துணியைக் கறைப்படுத்தும், மெருகைக் கரைக்கும். அருங்காட்சியகங்கள் பொருளைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, உறைகுளிரில் வைக்கின்றன. மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், மைனஸ் 30-ல் சில நாட்களே போதும். முட்டையும் புழுவும் சேர்ந்தே சாகும். மீன் உறையவைக்கும் கிடங்குகள் உள்ள கரையில் இது நடக்கக்கூடிய காரியம்தான். கிடங்குக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம்.

அடுத்து, ஆடும் மூட்டுகள். 80 விழுக்காடு ஈரப்பதத்தில் மரத்துக்குள் அதன் எடையில் சுமார் 16 விழுக்காடு நீர் தங்கும். அதே நாற்காலியைக் குளிர்சாதன அறைக்குள் 50 விழுக்காட்டில் வைத்தால் நீர் 9 விழுக்காட்டுக்கு இறங்கும். தேக்கு, வளையங்களின் திசையில், ஒவ்வொரு விழுக்காடு நீர் இழப்புக்கும் ஏறக்குறைய 0.2 விழுக்காடு சுருங்கும். ஓரடி அகலப் பலகையில் இது 4 மில்லிமீட்டர். கடலோர வீட்டிலிருந்து நகரத்துக் குளிர்சாதன அறைக்குப் போன நாற்காலி ‘தானாகவே’ வெடிப்பதற்குப் பேய் காரணம் அல்ல. எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையில் சில வாரம் சும்மா வைத்திருந்து, அதன் பிறகே மூட்டில் கை வையுங்கள்.

பழைய ஆசாரிகள் மூட்டுக்கு வச்சிரம் பயன்படுத்தினார்கள். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. உள்ளே இருப்பது கொலாஜன் உடைந்த ஜெலட்டின். வெந்நீரும் சூடும் பட்டால் இளகிவிடும். இதைக் குறை என்று எண்ணித்தான் பலரும் ஃபெவிகால் ஊற்றுகிறார்கள். மரவேலையில் அந்தக் குறைதான் பெரிய நிறை: நூறாண்டு கழித்து யாரோ ஒருவர் மரத்தை உடைக்காமல் மூட்டைத் திறக்க முடியும். வெள்ளைப் பசை மரத்தின் துளைகளை அடைத்துக் காய்ந்த பிறகு அதன் மேல் வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது. மூட்டைத் திறக்க மரம்தான் உடைய வேண்டும். ஈரக் காற்றில் வச்சிரம் தளரும், பூஞ்சையும் பிடிக்கும் என்பது உண்மை. அப்போதும் நான் வச்சிரத்தின் பக்கம்தான். தளர்ந்தால் மறுபடி சூடாக்கி இறுக்கிக்கொள்ளலாம்.

ஸ்பிரிங்கைக் கண்டதும் மாற்றச் சொல்வது குஷன் கடைகளின் வழக்கம். உடையாத ஸ்பிரிங்கை மாற்றத் தேவையில்லை. கழற்றி, உப்பு போக நல்ல நீரில் பலமுறை அலசி, உடனே முற்றாக உலர்த்தி, தளர்ந்த துருவைத் தேய்த்து, டானிக் அமிலக் கரைசல் பூசலாம். கடுக்காயில் நிறைந்திருக்கும் டானின் வகையறாதான் அது. துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பான இரும்பு டானேட் படலமாகும். அதன் மேல் மெழுகு. உப்பை அலசாமல் பூசினால் குளோரைடு படலத்துக்கு அடியில் தன் வேலையைத் தொடரும். பிறகு ஸ்பிரிங்குகளை முன்பின், பக்கவாட்டு, மூலைவிட்டம் என்று எட்டுத் திசையிலும் கயிற்றால் கட்ட வேண்டும். ஒன்று அமுங்கும்போது பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து சுமை தாங்குவது இந்தக் கட்டினால்தான். இதைச் சரியாகக் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்; கிடைத்தால் கூலி பேரம் பேசாதீர்கள்.

அடைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நுரை வைப்பது எளிது, மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் நுரைக்கு ஆயுள் குறைவு. ஈரமும் வெப்பமும் அதன் பிணைப்புகளை உடைத்துப் பிசினாகவோ பொடியாகவோ ஆக்கிவிடும். தும்பையும் குதிரை மயிரையும் உதறி, தூசி நீக்கி, கழுவி, வெயிலில் உலர்த்தி, அதையே மறுபடி அடைக்கலாம். கொஞ்சம் குறைந்தால் புதுத் தும்பு சேர்த்துக்கொள்ளலாம். துணிக்கு மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். நைந்த வெல்வெட்டில் உட்கார முடியாது. 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் நிலைத்தால் அதில் பூஞ்சையும் வரும். பழைய துணியைப் பத்திரப்படுத்திவிட்டு, காற்று விடும் கைத்தறிப் பருத்தி போடுவது இந்தக் கரைக்கு ஏற்றது. ரெக்சின் வேண்டவே வேண்டாம். வியர்வை போக வழியில்லை. மிக அரிய நாற்காலி என்றால், சட்டத்தில் இன்னொரு வரிசை ஆணித் துளை போடாமல், தனிச் சட்டத்தில் மெத்தை செய்து மேலே பொருத்தும் முறையை அருங்காட்சியகங்கள் கையாள்கின்றன. சல்லடையான சட்டத்துக்கு அது மறுவாழ்வு.

மெருகில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அரக்குக்குள் ஈரம் புகுந்த அடையாளம் அது. சுரண்டி எடுக்காமல், ஸ்பிரிட் தொட்ட துணியால் இலேசாக ஓட்டினாலே பல சமயம் போய்விடும். உப்புத்தாளால் தேய்த்துப் பாலியூரிதேன் அடித்துவிட்டால், மரத்தின் வயது காட்டும் மேல்தோலும் அதனுடன் சேர்ந்த விலையும் அரை மணி நேரத்தில் போய்விடும்.

அரசுச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றுச் சிறப்புள்ள பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தம் பதித்த நாற்காலி என்றால் விற்பதும் வாங்குவதும் குற்றம். தோதகத்தியின் பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உடைந்த காலுக்குப் புதுத் துண்டு வைக்கும்போது மரம் எங்கிருந்து வந்தது என்று ஆசாரியிடம் கேட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு நாற்காலி இருந்தால், அதைக் குஷன் கடைக்கு அனுப்பும் முன் எல்லாப் பக்கமும், குறிப்பாக அடிப்பக்கத்தை, படம் எடுத்துவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு துண்டுத் துணி, ஒரு கைப்பிடி அடைப்பு, நாலு ஆணி, ஒரு திருகாணி எடுத்து, ஒரு துணி உறையில் போட்டு, தேதியும் எந்த அடுக்கு என்பதும் எழுதி, இருக்கையின் அடிச்சட்டத்திலேயே கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். கடைக்காரர் பழைய குப்பை எதற்கு என்று கேட்பார். வேண்டும் என்று சொல்லுங்கள்.